அண்ணன் சொன்ன ஜப்பான்

ஜப்பானைப் பற்றி என்னிடம் யாரும் ஒன்றும் கேட்காதீர்கள். போன வருடம் கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலம் மூச்சு விடாமல் கதைத்திருப்பேன். அங்கே பிள்ளைகள் பெற்றோரை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள், பெண்சாதி புருசனோடு எப்படிக் கோபிப்பாள், செத்தவீட்டில் எப்படிக் குரல் எடுக்காமல் அழுவார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் மாதர் சங்கத்து ஆண்டு மலரில் ‘ஜப்பானியப் படங்களில் தாய்’ என்று மூன்று பக்கக் கட்டுரை கூட எழுதியிருக்கிறேன். அந்த மலர் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது. கண்ணில் பட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஜப்பானுக்குப் போனவள் இல்லை. போனவர் என் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதினொரு வருடம் அங்கே பழைய கார்களை உடைத்துப் பாகம் பிரிக்கும் இடமொன்றில் வேலை செய்தார். திரும்பி வந்து கலியாணம் கட்டி, மன்னார் ரவுணில் வாகனப் பாகங்கள் விற்கும் கடை போட்டார். குடும்பமும் அங்கேதான். நானும் அம்மாவும் முருங்கனில், எங்கள் வீட்டில். அப்பா அதற்கு முன்னரே இறந்துவிட்டார். எனக்கு முருங்கனிலேயே ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளார்க் வேலை. எனக்கு முப்பத்திரண்டு வயதானபோது அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கதையும் குழறிப்போய், நாலு சொல் சேர்த்துச் சொல்ல முடியாத நிலை.

அம்மா கட்டிலோடு சேர்ந்த பிறகுதான் அண்ணன் ஞாயிறுதோறும் வரத் தொடங்கினார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு கிழமை தவறமாட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவைத் தூக்கிக் கொண்டுவந்து சாய்மனைக் கதிரையில் இருத்துவார். பிறகு ஜப்பானில் இருந்து கொண்டுவந்த டிவிடி பிளேயரைத் தொலைக்காட்சியில் கொழுவி, ஒரு படத் தட்டை எடுத்துப் போடுவார். நல்ல பழைய படங்கள். ஆனால் பேச்சு முழுக்க ஜப்பான் மொழி, கீழே எழுத்தும் வராது. அண்ணன்தான் எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். பக்கத்து வீட்டு அக்காவும் கச்சான் கடலைச் சரையோடு வந்துவிடுவா. அண்ணன் தொலைக்காட்சிக்கு அருகில் எங்களைப் பார்த்தபடி இருப்பார். திரையை அதிகம் பார்க்கமாட்டார், காதால் கேட்டுச் சொல்லிக்கொண்டே போவார். கிழவனுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல், குழந்தைக்கு ஒரு குரல். அப்படிச் சொல்ல ஒருவருக்கு வாய்த்திருக்க வேண்டும். அக்கா எத்தனையோ தரம் அழுதிருக்கிறா.

படம் போகும்போதே விளக்கமும் வரும். “பாருங்கோ, தகப்பன் வெளிய வர முன்னம் அந்தப் பிள்ளை செருப்பை வாசலைப் பாக்கத் திருப்பி வைக்கிறாள். போகேக்க லேசா மாட்டிக்கொண்டு போகட்டுமெண்டு. அங்க பாசமெண்டா இதுதான்.” இன்னொரு நாள் நான் கந்தோரில் இரவல் வாங்கிவந்த ஆங்கிலப் படமொன்றைப் போட்டுப் பார்த்தோம். மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் தகப்பனைப் பார்த்துக் கத்தினான், கதவை அடித்துச் சாத்தினான், காரை எடுத்தான். அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். “வெள்ளைக்காரன் மனசில கிடக்கிறதைக் கொட்டிப்போட்டுப் போயிடுவான். ஜப்பான்காரன் மனசில வைச்சுக்கொண்டு நிண்டிடுவான். நாங்கள் ஆரைப்போல எண்டு நீங்களே சொல்லுங்கோ” என்றார். அக்கா உடனே, “நாங்கள் ஜப்பான்தான்” என்றா.

எனக்கும் அது அப்படியே பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வருகிறவர்களின் செருப்பைத் திருப்பி வைக்கத் தொடங்கினேன். கந்தோரில் வயல் செய்கிற வயதுபோன கமக்காரர் வந்தால் லேசாகத் தலையைக் குனிந்து கும்பிட்டேன். அவர்கள் பின்னால் திரும்பி, தங்களுக்குப் பின்னால் யாராவது பெரியவர் நிற்கிறாரோ என்று பார்த்தார்கள். கந்தோரில் எனக்கு ‘ஜப்பான்’ என்று பட்டம் வந்தது. அதை வைத்தவர் எனக்கு முன் மேசைக்காரர். ஆங்கிலப் படங்களை இரவல் தந்தவரும் அவர்தான்.

அவருக்கும் எனக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் இதே வாக்குவாதம். வெள்ளைக்காரர் படத்தில் யாராவது விமான நிலையத்தில் ஓடாமல் கதை முடியாது என்று நான் சொல்லுவேன். உங்கள் ஜப்பான் படத்தில் யாராவது வாயைத் திறந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும் என்று அவர் சொல்லுவார். “நேரா முகத்துக்கு முன்னால ‘எனக்கு இது வேணும்’ எண்டு சொல்லுறது அவ்வளவு பாவமோ?” என்று கேட்பார். வாக்குவாதம் வாக்குவாதமாக இருக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தே இருந்தது. என் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு துண்டு மீன் பொரியல் கூடுதலாகப் போகத் தொடங்கியிருந்தது.

அவருக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் வந்தது. கடிதம் வந்த அன்றே கந்தோர் விறாந்தையில் வைத்து, அவர் சொல்லும் அந்த நேரான முறையில், கேட்டுவிட்டார்.

“எனக்கு உங்களைக் கலியாணம் செய்ய விருப்பம். நீங்களும் மாற்றம் எடுத்துக்கொண்டு வரலாம். அம்மாவை நினைச்சுத்தான் யோசிப்பீங்கள். அவவைக் கூட்டிக்கொண்டும் போகலாம். இல்லாட்டி அண்ணாவும் நீங்களுமா மாறி மாறிப் பாக்கலாம். அவர் இருக்கிறார்தானே.”

எனக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. விருப்பம் நிறையவே இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் எல்லாம். அந்த ஞாயிறு அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஆளைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அம்மாவை மாறி மாறிப் பார்ப்பது பற்றிச் சொன்னபோது மட்டும் எழும்பிப் போய்ப் பிளேயரின் வயரைக் கழற்றிச் சுற்றி வைத்தார். பிறகு, “உன்ர வாழ்க்கை. நீ யோசிச்சு முடிவெடு. நான் குறுக்க நிக்கமாட்டன்” என்றார். என் அண்ணனைப் போல ஒருவர் உண்டா என்று அன்று நான் பெருமைப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் கொண்டுவந்த படம் நாங்கள் அதுவரை பாராதது.

கடலோரத்துச் சின்ன ஊர். ஒரு தாயும் மகளும் கணவாய் மீன் காயவைத்து விற்றுப் பிழைக்கிறார்கள். தாய்க்கு இடுப்பு ஏலாது, தடி பிடித்து நடப்பாள். வெளிச்சவீட்டு விளக்குத் திருத்த வந்த ஒருவனுக்கும் மகளுக்கும் மெல்ல மெல்ல ஒரு விருப்பம். அவனுக்கு வடக்கே தூரத் தீவுக்கு மாற்றம் வருகிறது. மகள் தாயிடம் சொல்கிறாள். தாய் முதுகைக் காட்டி இருந்து உடுப்பு மடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், நீண்டநேரம் பேசுகிறாள். அண்ணன் அந்தத் தாயின் குரலில் சொன்னார்.

“நீ போனா நான் உன்னைக் குறை சொல்லமாட்டன் பிள்ளை. ஆனா நான் விழுந்தா தூக்கிவிட இந்த வீட்டில ஒரு கை இல்லை.”

மகள் பாயில் இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி நிலத்தில் முட்டக் குனிந்தாள். அப்படியே கிடந்தாள். “அவள் சொல்லுறாள்: அம்மா, நான் ஒரு இடமும் போகேல்லை” என்றார் அண்ணன். பிறகு ரெயில் நிலையம். அவன் ரெயில் பெட்டி வாசலில் நிற்கிறான். இவள் கையில் ஒரு துணிப் பொட்டலத்தோடு மேடையில் நிற்கிறாள். “வழியில தின்னச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிறாள். குடுத்துப்போட்டு வீட்ட வந்திடுவாள். முடிஞ்சுது” என்று சொல்லி அண்ணன் பிளேயரை நிறுத்தினார். நான் தேத்தண்ணி போட எழும்பினேன். எங்கள் வீட்டில் எந்தப் படத்துக்கும் கடைசியில் ஓடும் பெயர்களை யாரும் பார்த்ததில்லை. அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தா. அம்மாவின் கண்ணிலும் தண்ணீர்.

திங்கட்கிழமை கந்தோரில் அவரிடம் ஏலாது என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். நாங்கள் வெள்ளைக்காரர் இல்லை, பெற்றவளை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சந்தோசமாக இருக்கிற சாதி இல்லை என்று ஒரு பிரசங்கமும் வைத்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“படத்தைப் பாத்தோ முடிவெடுத்தனீங்கள்?”

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம். மாத முடிவில் அவர் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்துக் கந்தோர் விலாசத்துக்கு அவரது கலியாணக் கார்ட் வந்தது.

அவர் போன பிறகு அம்மாவை எட்டு வருடம் பார்த்தேன். அந்த எட்டு வருடத்தை நான் குறை சொல்லவில்லை. அம்மா என் அம்மா. ஆனாலும் சில நாட்கள் இருந்தன. கந்தோரால் வந்து, ஈரப்பட்ட விரிப்பை உருவி, அம்மாவைப் புரட்டித் துடைத்து, கஞ்சி பருக்கி, அவ அதைத் துப்பி, நான் சத்தம் போட்டு, பிறகு கிணற்றடியில் போய் நின்று அழுத நாட்கள். அப்படியான நாட்களில் அந்தக் கணவாய்க்காரியின் மகளை நினைப்பேன். அவளும் தாயோடு நின்றவள்தானே, அவளும் பாயில் நெற்றியை வைத்தவள்தானே என்று நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த எட்டு வருடமும் எனக்கு இருந்த ஒரே தோழி அவள்தான். ஞாயிறு வந்தால் அண்ணன் படத்தோடு வருவார், நாலரைக்குப் போவார். அம்மாவைக் கழுவித் துடைக்கிற வேலை அவர் வருவதற்கு முன்னரோ போன பிறகோதான் இருந்தது.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த வருடம் அண்ணனின் மகள் ஜப்பானுக்குப் படிக்கப் போக வேண்டி வந்தது. மொழியைச் சின்ன வயதிலிருந்தே தகப்பனிடம் படித்தவள், கொழும்பில் சோதனையும் எடுத்துப் பாஸ். பயணம் சொல்ல என்னிடம் தனியாக பஸ்ஸில் வந்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் குசினி வாசலில் நின்று கதைத்தாள்.

“மாமி, அம்மா என்னை விடவே இல்லை, தெரியுமே? ஒரே பிள்ளை, தூரம் எண்டு ஒரே அழுகை. பேந்து அப்பா ஒரு படத்தைப் போட்டுக் காட்டினவர். பாத்துப்போட்டு அம்மா தானாவே ஓமெண்டிட்டா.”

“என்ன படம்?”

“கடற்கரையில கணவாய் காயப்போடுவினம். தாய்க்கு இடுப்பு ஏலாது. அந்தத் தாய் மகளைப் போகச் சொல்லுற இடத்தில நானும் அழுதிட்டன்.”

நான் துருவுவதை நிறுத்தவில்லை. “அவள் போகேல்லையெல்லோ” என்றேன்.

“போறாள் மாமி. ரெயில் ஏறிப் போறாள்.”

“இல்லை பிள்ளை. நிக்கிறாள்.”

அவள் சிரித்துக்கொண்டு போனை எடுத்தாள். படம் அதிலேயே இருந்தது. குசினி வாங்கில் இரண்டு பேரும் இருந்து அந்த இடத்திலிருந்து பார்த்தோம். அவள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். குரல் மாற்றி நடிக்கத் தெரியாது அவளுக்கு. சும்மா சொன்னாள்.

“உன்ர உடுப்பெல்லாம் மடிச்சு வைச்சிட்டன். நீ எனக்காக நிண்டா, நான் சாகிற வரைக்கும் உன்ர முகத்தைப் பாத்துப் பயப்பிடவேணும். எனக்கு அது ஏலாது. போ.”

அப்போதுதான் பார்த்தேன். அந்தத் தாய் மடித்துக்கொண்டிருந்தவை எல்லாம் பூப்போட்ட, வயதுப்பிள்ளையின் உடுப்புகள். அன்று தொலைக்காட்சியின் பெரிய திரையில் என் கண்ணுக்கு முன்னால்தான் அவை கிடந்திருக்கின்றன. மகள் பாயில் நெற்றியை வைத்தது விடைபெற. எங்கள் வீடுகளிலும் ஒருவர் பெரியவர்களின் காலில் விழுவது பயணம் போகும்போதுதான், வீட்டில் தங்கி நிற்கும்போது இல்லை. ஜப்பான்காரர் எங்களைப் போல என்று மூன்று பக்கம் எழுதிய எனக்கு இது மட்டும் தெரியாமல் போயிற்று. கையில் இருந்த பொட்டலம் சாப்பாடும் இல்லை. அவள் அதோடு ரெயிலில் ஏறினாள். அதற்குப் பிறகும் படம் ஐந்து நிமிடம் ஓடியது. தாய் தடியை ஊன்றிக்கொண்டு கணவாயை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி வந்து கொடியின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சொன்னது சரிதானே மாமி?” என்றாள் அவள்.

“ஓம், சரி” என்றேன். அவளுக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, பஸ் ஏற்றிவிட்டேன். அவளில் என்ன பிழை?

போவதற்கு முன்னர் தகப்பனின் படங்களில் ஏழெட்டை, ஆங்கில எழுத்து வருகிற மாதிரி, என் லப்டொப்பில் பதிந்து தந்திருந்தாள். அந்தக் கிழமை கந்தோருக்கு லீவு போட்டுப் பகல் முழுக்க அவற்றைப் பார்த்தேன். கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போகிறாள் என்று அண்ணன் சொன்ன பெண், குடிகாரப் புருசனை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்ற மகன், நீ எனக்கு என்ன செய்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு படத்தில் அண்ணன் சொன்னது அச்சொட்டாகச் சரி. அவற்றில் யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை. பிறகு அந்த ஆங்கிலப் படத்தையும் தேடிப் பிடித்து, அண்ணன் நிறுத்திய இடத்திலிருந்து பார்த்தேன். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போன அதே மகன் கடைசியில் திரும்பி வருகிறான். நோயில் கிடக்கும் தகப்பனைக் குளிப்பாட்டிச் சவரம் செய்துவிடுகிறான். அதையும் எனக்குக் காட்டாமல் விட்டிருக்கிறார்.

மேற்கு என்றும் கிழக்கு என்றும் நான் பிரித்து வைத்திருந்ததெல்லாம் என் அண்ணன் பிரித்தது. ஜப்பான்காரர் என்னை ஏமாற்றவில்லை, வெள்ளைக்காரரும் ஏமாற்றவில்லை. கூடப்பிறந்தவர் ஏமாற்றினார். ஞாயிறுதோறும் திரையைப் பார்க்காமல் என் முகத்தை அல்லவா பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்!

மகளை விமானம் ஏற்றிவிட்டு அண்ணன் திரும்பிய பிறகு மன்னாருக்கு பஸ் எடுத்தேன். கடை வாசலில் ஒரு கழுதை மறித்துக்கொண்டு நின்றது. அதைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். அண்ணன் பழைய கியர் பெட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன தங்கச்சி, சொல்லாமல் கொள்ளாமல்? இரு, தேத்தண்ணி சொல்லுறன்.”

“வேண்டாம். அந்தக் கணவாய்ப் படத்தில தாய் என்ன சொன்னவள் அண்ணா?”

அவர் கை நின்றது. பிறகு சிரிக்கப் பார்த்தார். “பிள்ளை சொன்னவளே? அது படம்தானே. பழைய கதை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கே?”

“உங்கட பெண்சாதிக்குச் சொல்லேக்க ஞாபகம் இருந்ததெல்லோ. எனக்கு மட்டும் ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?”

“அம்மா முன்னால இருந்தவா. ‘போ’ எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

“பொய் சொல்லாதேங்கோ!” என்று கத்தினேன். சாமான் வாங்க வந்த ஒருவர் மெல்ல வெளியே போனார். அவ்வளவு வருடம் வெள்ளைக்காரரின் பழக்கம் என்று நான் ஏளனம் பண்ணிய அதே கத்தல். என் வாயில் அது இவ்வளவு லேசாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

“அவள் என்ர பிள்ளை. அவளுக்கு ஒரு வாழ்க்கை வேணுமெல்லோ” என்றார் அண்ணன்.

“எனக்கு?”

அவர் துணியைக் கீழே வைத்தார்.

“நீ போயிருந்தா அம்மாவை நான்தான் பாத்திருக்கவேணும். உன்ர அண்ணி ஓமெண்டிருக்கமாட்டா. எனக்கும் ஏலாது, அந்தக் கழுவுறது துடைக்கிறது எல்லாம்… எனக்கு ஏலாது. அதை எப்பிடி உன்னட்டக் கேக்கிறது?”

“கேட்டிருக்கலாம்” என்றேன். “எனக்கு ஏலாது, நீ நில்லு எண்டு நேரா கேட்டிருந்தா நான் நிண்டிருப்பன் அண்ணா.”

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்றபோது, உள்ளே நான் சொன்ன அந்தக் கடைசி வார்த்தை உண்மைதானா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டிருந்தால் நின்றிருப்பேனா, இல்லை திருகோணமலைக்குப் போயிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை. என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே.